அம்மாவின் ஏச்சு

புற்றுநோயில் குரல் போன பிறகு, செண்பகவல்லியின் அம்மா நினைப்பதையெல்லாம் கழுத்தில் ஒட்டிய மின்னணுப் பட்டைதான் பேசியது. "மகளே, உணவு அருந்தினாயா?" என்று செய்தி வாசிப்பவர் போல அது கேட்டதும், அம்மா அதைப் பிய்த்து எறிந்தாள்.

பயோமெடிக்கல் இரண்டாம் ஆண்டு படித்த செண்பகவல்லி, பேராசிரியரின் லேப் வாசலில் போய் நின்றாள்.

"ரெண்டாம் வருசத்துலயே ஆராய்ச்சியா? என்ன பண்ணப்போற?" என்றார் அவர்.

"எங்கம்மா ஏசுற மாதிரியே அந்தப் பட்டைக்கு ஏசத் தெரியணும், சார்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

படிப்பு முடிகிற வருடம், பாளையங்கோட்டை வீட்டு வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து, அவள் செய்து அனுப்பியிருந்த புதுப் பட்டை அம்மாவின் கழுத்தில் கத்தியது: "ஏட்டி மூதி, சோறு ஆறுதுல்லா! எங்கட்டி சுத்துத?"

செண்பகவல்லி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம்மா, இன்னொருக்கா ஏசு."