வராத விசா

மாயாண்டி லட்டு டப்பாவோடு சதக்கத்துல்லாவின் கடைக்குக் கிளம்பியது நன்றி சொல்ல இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர.

காலையிலிருந்தே அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மகன் மணிகண்டனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. டிப்ளமா முடித்த கையோடு, பாலிடெக்னிக்குக்கே வந்து ஆள் எடுத்த கம்பெனியில். போனில் மனைவி சுந்தராம்பாள் பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாகச் சொன்ன சேதி அது.

அதற்கப்புறம் யாருக்குத்தான் அவர் நன்றி சொல்லவில்லை? ஊர் இருக்கிற திசையைப் பார்த்து முனியசாமிக்கு ஒரு கும்பிடு. பையனுடைய கணக்கு வாத்தியாருக்குப் போனில் ஒரு வணக்கம். ஒற்றை ஆளாக மகனைத் தட்டிக்கொட்டி வளர்த்த சுந்தராம்பாளுக்கு, கல்யாணம் ஆன நாளாகச் சொல்லாத ஒரு நல்ல வார்த்தை. வேலையாட்கள் தங்கும் கேம்பில் ரூம் ரூமாகப் போய் இனிப்பு.

மிச்சம் இருந்தது சதக்கத்துல்லா மட்டும்தான்.

கீழக்கரைக்காரர். இந்த அரபி நாட்டில், ஃபஹாஹீல் ஊரில் அரிசி, சர்க்கரை மொத்த வியாபாரம். பக்கத்து ஊர்க்காரர் என்ற உரிமையில்தான் முன்பு ஒரு நாள் மாயாண்டி அவரிடம் போய் நின்றார். மணிகண்டன் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த சமயம். குடோனில் மூட்டை தூக்க அவனுக்கு ஒரு விசா கொடுங்கள், அப்பனும் மகனுமாகச் சம்பாதித்தால் சீக்கிரம் ஊர் போய்ச் சேரலாம் என்று கேட்டார்.

பையனுக்கு அப்போது பதினாலு வயது. பாஸ்போர்ட்டில் இருபத்தொன்று. ஏஜெண்ட் செய்துகொடுத்த கைங்கரியம்.

சதக்கத்துல்லா பாஸ்போர்ட் நகலைப் பார்த்தார். அதிலிருந்த போட்டோவை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தருகிறேன் என்று சொல்லி நகலை வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது இழுவை.

முதலில், புதிதாக ஆள் எடுக்க அனுமதி வரவில்லை என்றார். பிறகு, சட்டம் மாறிவிட்டது, பத்தாவது பாஸ் செய்திருந்தால்தான் விசா என்றார். மணிகண்டன் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பள்ளிக்கூடம் போய்ப் பாஸ் செய்தான். அந்த மார்க் ஷீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இப்போது டிப்ளமா கேட்கிறார்களே என்று உதட்டைப் பிதுக்கினார்.

மூட்டை தூக்க டிப்ளமாவா என்று மாயாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அரபி நாட்டுச் சட்டத்தை யாரிடம் போய்க் கேட்பது? பல்லைக் கடித்துக்கொண்டு பையனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். கேம்பில் யாராவது சதக்கத்துல்லாவின் பேச்சை எடுத்தால், நம்பவைத்துக் கழுத்தறுக்கிற ஆள் என்று வாய் கூசாமல் சொல்வார்.

வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து கடை திறந்திருந்தது. பின்பக்கம் குடோனில் லாரி நின்றது. கல்லாவில் சதக்கத்துல்லாவும், பக்கத்தில் கடையின் கணக்குப்பிள்ளை ஈசாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

மாயாண்டி டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

"என் மவனுக்கு வேலை கெடைச்சிருச்சு பாய். கம்பெனி வேலை. உங்க விசா இல்லாமலே பொழைச்சுக்கிட்டான்."

சதக்கத்துல்லாவின் முகம் மலர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஒரு லட்டை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சர்க்கரை வியாதிக்காரர், ஈசா கையைப் பிடித்தும் கேட்காமல் இன்னொன்றையும் எடுத்தார். அதற்குள் லாரி டிரைவர் கூப்பிட, எழுந்து போனார்.

கேட்க நினைத்ததில் பாதிகூட வெளியே வந்திருக்கவில்லை. மிச்சத்தை மாயாண்டி ஈசாவிடம் கொட்டினார். பத்தாவது, டிப்ளமா என்று ஒரு பையனை இப்படியா அலைக்கழிப்பது என்றார்.

ஈசா குடோன் பக்கம் கையைக் காட்டினார். சர்க்கரை மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒருவர் வந்துகொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். தகரக் கூரையின் காங்கையில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"போன மாசம் எங்க விசாவுல வந்தவரு. சம்பளத்துக்குக் கைநாட்டுத்தான் வைக்கிறாரு. மூட்டை தூக்க இந்த ஊர்ல எவன் சர்டிபிகேட் கேட்டான், மாயாண்டி?"

அப்படியானால் என் மகனுக்கு மட்டும் ஏன் என்று கேட்க வாயெடுத்தார் மாயாண்டி. கேள்வி பாதியிலேயே நின்றுவிட்டது. மூட்டைக்கு அடியில் அந்த ஆளின் முழங்கால்கள் நடுங்கின. அந்த இடத்தில் பதினாலு வயது மணிகண்டனை வைத்துப் பார்த்தார்.

சதக்கத்துல்லா திரும்பி வந்தபோது மாயாண்டி எழுந்து நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சின்னப் பயலுக்குத் தரமாட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாய். உங்களை எங்கெங்கேயோ என்னென்னமோ பேசிட்டேன்."

"சொல்லியிருந்தா வேற எவன்கிட்டயாவது போய் வாங்கியிருப்பே. நான் தர்றேன்னு சொன்னதாலதானே காத்துக்கிட்டிருந்தே?"

சொல்லிவிட்டு அவர் குடோனைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு மீசை முளைச்சதே இந்தக் குடோன்லதான், மாயாண்டி. என் விசாவை இழுத்தடிக்க அன்னிக்கு ஒரு ஆளு இல்லாமப் போச்சு."