ஓசை அடங்கும்வரை

ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சாய்நாத் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். மும்பை மாட்டுங்காவில் தங்கள் வீட்டுப் பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி, ஓசை அடங்கும்வரை பதிவு செய்து வைத்திருந்தான். அவற்றைச் சரிசெய்து கம்ப்யூட்டர் பியானோவாக்கும் வேலை.

பக்கத்தில் வந்தனா பேங்குக்கு ராஜினாமாக் கடிதம் டைப் செய்தாள். பக்கவாதத்தில் பேச்சிழந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

ஒரு ஸ்வரம் சீக்கிரமே தேய்ந்தது. அதன் முடிவில் மட்டும் சாய்நாத் ஒலியைக் கூட்டினான். பின்னால் மங்கலாக ஒரு பெண்குரல் கேட்க, வந்தனாவிடம் திரும்பினான்.

“ரெக்கார்ட் பண்றச்சே பேசாதேன்னு சொன்னேனோல்லியோ?”

“நான் எங்க பேசினேன் சாய்? அன்னிக்கு அம்மாவுக்கு மருந்து வாங்க சயான் போயிருந்தேன். உன் பியானோவே பேசறதோ என்னமோ!”

அவன் அதை ஸ்பீக்கரில் போட்டான். அடங்கும் ஓசைக்குப் பின்னால், உள்ளறையிலிருந்து ஒரு குரல் போனில் பேசியது.

“இப்பவே பேசிட்டேன்னா அவ மறுபடி ஆஃபீஸ் கிளம்பிடுவாடீ. முதல்ல வேலையை விடட்டும்.”

சாய்நாத்தின் அம்மா. ஒரு சொல்கூடக் குழறவில்லை.

அவன் மறுபடி போட்டான். அதே குரல்.

வந்தனா லேப்டாப்புடன் உள்ளே போய் மாமியாரின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“லெட்டர் ரெடிம்மா. அனுப்பட்டுமா, வேண்டாமா? நீங்களே வாயால சொல்லுங்கோ.”