சுவருக்கு இருபது டிகிரி

பெலிக்ஸ் தன் வீட்டில் முதன்முதலாகப் பீர் புளிக்க வைத்திருந்தான். வாளிக்குள் ஈஸ்ட்டுக்கு மூச்சு முட்டியது. சர்க்கரையைத் தின்னத் தின்ன அதன் உடம்புச் சூடே ஏறிக்கொண்டிருந்தது.

"யோவ் தெர்மாமீட்டர்! வேகுறேன்யா. வாளிக்கு ஈரத்துணி சுத்தச் சொல்லு, பீர் கெட்டுடும்!"

சுவரில் தொங்கிய தெர்மாமீட்டர் சிரித்தது. "ஏசி ஓடுது. இருபது டிகிரிதான். சும்மா அலட்டிக்காதே."

"அது சுவருக்கு! என் வாளியை என்னிக்காவது தொட்டுப் பாத்தியா?"

"தொட்டுப் பாக்குறது என் வேலையில்ல."

பெலிக்ஸும் தினம் சுவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனான்.

பத்தாம் நாள் ஒரு வாய் குடித்தவன் துப்பினான். நெயில் பாலிஷ் வாடை!

"மட்டமான ஈஸ்ட்," என்று வாளியைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்தான்.

வழிந்தோடும்போது ஈஸ்ட் பொருமலோடு அண்ணாந்து பார்த்தது. பெலிக்ஸ் தெர்மாமீட்டரைப் பக்குவமாகத் துடைத்து, இன்னும் உயரத்தில் மாட்டிக்கொண்டிருந்தான்.