சாந்தாமணியின் கிட்னி

"உங்களுக்கு என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்லீங்க. என்ற கிட்னிக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. கம்முனு குடிச்சுப்போடுங்க!"

சாந்தாமணி போட்ட சத்தத்தில், கோவை ஆஸ்பத்திரியின் அந்த வார்டே சிரித்தது. தம்பிதுரை மட்டும் சிரிக்கவில்லை. குடலைச் சுத்தம் செய்யும் மருந்தில் ஆறாவது டம்ளர் அவர் கையில் இருந்தது. ஐந்தாவது டம்ளர் வயிற்றுக்குள் கலாட்டா செய்துகொண்டிருந்தது.

எட்டு வருடங்களுக்கு முன் அவருடைய இரண்டு கிட்னியும் கைவிட்டபோது, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவள் சாந்தாமணி. அன்றிலிருந்து அந்தக் கிட்னி மேல் அவள் வைத்திருக்கிற பாசம் இருக்கிறதே, அப்பப்பா! அதற்குத் தண்ணீர் போதுமா, உப்பு அதிகமா என்று அவர் தட்டையும் டம்ளரையும் விசாரிக்காமல் விடமாட்டாள்.

"குமட்டுதுங்க அம்மணி."

"கண்ணை மூடிட்டுக் குடிங்க. காத்தால எட்டு மணிக்கு நான் போன் போட்டப்ப கிட்னி மாத்திரை போட்டாச்சுன்னீங்களே, நெசமாலும் போட்டீங்களா?"

"போட்டேனுங்க... பாதி."

"பாதின்னா?"

தம்பிதுரை டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த மாத்திரைய வருசக்கணக்கா முழுங்குனா குடல்ல புற்றுநோய் வந்தாலும் வரும்னு போன தடவை டாக்டர் சொன்னாருங்க. பண்ணையில கோழிக்கு மருந்து ஒத்துக்கலீன்னா அளவைக் குறைச்சுப்போடுவோமில்லீங்க? அதே மாதிரி ரெண்டு வாரமா நானே பாதியாக் குறைச்சுட்டேன்."

"அட ஆண்டவனே! ரெண்டு வாரமா என்ற கிட்னியப் பட்டினி போட்டீங்களா?"

டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். கையோடு டாக்டர் எபினேசரின் அறைக்கு அவரை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, "ஏனுங் டாக்டர், இவரு செஞ்ச வேலையக் கேளுங்க" என்றாள்.

கேட்ட டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னங்க தம்பிதுரை! வெளியில இருந்து வந்த கிட்னிய உடம்பு விரட்டாம இருக்கறதே அந்த மாத்திரையாலதான். உடம்போட காவலைக் கொஞ்சம் அசத்தி வெச்சு அந்த வேலையச் செய்யுது. காவல் அசந்திருக்கறதால, உங்கள மாதிரி இருக்கறவங்களுக்குக் குடல்ல புற்றுநோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. அதுக்குத்தான் கேமரா விட்டுப் பாக்கறோம். மாத்திரையக் குறைச்சா கிட்னியே போயிருமுங்க."

"நல்லாக் கேட்டுக்குங்க," என்றாள் சாந்தாமணி.

கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தமும் எடுத்தார்கள். மீதி மருந்தையும் குடித்து வயிறு சுத்தமான பிறகு, கேமரா விட்டுப் பார்க்க அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தியதும் சாந்தாமணி வெளியே ஒரு பெஞ்சைப் பிடித்தாள். மடியில் தன்னுடைய ஹெல்மெட்டையும் அவருடைய மாத்திரை டப்பாவையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். "குடல்ல சின்னதா ரெண்டு முளை இருந்துச்சுங்க. அப்படியே விட்டிருந்தா பின்னாடி புற்றுநோயா மாறியிருக்கலாம், எடுத்துட்டேன். டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். பாத்த வரைக்கும் பயப்படற மாதிரி இல்லை. ரத்தத்தையும் பாத்தாச்சு, உங்க கிட்னியும் தப்பிச்சுது. ஆனா இன்னிக்கிருந்தே முழு மாத்திரை!"

சாந்தாமணிக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "கிட்னிய நெனச்சுத்தான் அழுகறேன்," என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

நர்ஸ் லின்சிக்கும் கண் கலங்கியது. "உங்கள மாதிரி சம்சாரம் கெடைக்க அண்ணன் குடுத்து வெச்சிருக்கோணுங்க அக்கா," என்றபடி டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டினாள். "அவருக்கு மயக்கம் இன்னும் முழுசாத் தெளியலீங்க. இன்னிக்குத் தனியா உடக்கூடாது. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிப் பக்கத்துலயே இருந்து பாத்துக்குங்க."

சாந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டிலில் அரைத்தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த தம்பிதுரையை ஒரு தடவை பார்த்தாள்.

"யாரூட்டுக்குக் கண்ணு? எங்களுக்கு விவாகரத்து ஆகி மூணு வருசமாச்சு!"