தண்டவாளத்து ஓர வீடு

ரயில் கடந்ததும், மூன்று பெண்களும் சேர்ந்து குடியேறப் பார்க்க வந்த வாடகை வீட்டின் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது.

“நூலகத்துக்குப் பின்னால பாத்த வீடு எவ்வளவு அமைதி! இந்த ஏரியாதான் வேணும்னு ஏன் டீச்சர் ஒத்தக்கால்ல நிக்கறீங்க?” என்றாள் நர்ஸ்.

“ஸ்டேஷன் பக்கம்ல...” டீச்சர் மென்று விழுங்கினாள். ஆறு மாதத்தில் இரண்டு அறைத்தோழிகள் அவளைத் துரத்தியிருந்தார்கள். இவர்களையும் விட்டால் போக்கிடமில்லை.

“எனக்கும் இந்த வீடுதான் வேணும்,” என்ற தையல்காரி தலைகுனிந்தாள். “நான் பயங்கரமா குறட்டை விடுவேன். இங்கதான் கேக்காது.”

டீச்சருக்குப் போன உயிர் வந்தது. “அடியே, என்னைத் துரத்துனதே அதுக்குத்தான்!”

இருவரும் பயத்தோடு நர்ஸைப் பார்த்தார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அமைதியான வீடு கேட்டா என்னை யாரும் சந்தேகப்பட மாட்டீங்கன்னு நெனச்சேன்!”

“அப்ப ரயில்தான் பாவம்,” என்றாள் டீச்சர்.