நீல முத்திரை டாலர்

ஆண்டர்சன்பேட்டை வீட்டு ஜன்னல் வெயிலில் மாணிக்கராஜ் நோட்டை நீட்டுகிறார். கேட்டால் வெள்ளி தருவதாக அச்சிட்ட பழைய அமெரிக்க டாலர், முத்திரை நீலம். முப்பது வருடம் தங்கச் சுரங்கத்தில் இருந்தவருக்குக் காகித வெள்ளி மேல்தான் ஆசை. அதை வாங்க அவர் மனைவி சாரா தன் வளையல்களை விற்றிருக்கிறாள். இன்று நோட்டு விலைபோனால் வளையல் திரும்பும் என்பது அவள் கணவனின் வாக்கு. பெங்களூரிலிருந்து வந்த பழைய நோட்டு வியாபாரி உதய் லென்ஸை வெளியே எடுக்கக்கூட இல்லை. பளபளக்கும் பிளாஸ்டிக் உறையைப் பேனாவால் தட்டுகிறார். “இன்னா சார், ரேஷன் கார்டா இது? லேமினேட் பண்ணா எவன் வாங்குவான்?” “பத்திரமா இருக்கட்டும்னு பண்ணேன்.” “உரிச்சா நோட்டும் கூடவே கிழியும். நீங்களே வெச்சுக்குங்க.” உதய் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார். மாணிக்கராஜ் உறையின் ஓரத்தைச் சட்டை நுனியால் துடைக்கிறார். சாரா அதை வாங்கி மேசையில் போட்டு, மேலே அவருடைய காபி டம்ளரை வைக்கிறாள். “நனையாது. குடிங்க.”