வெள்ளிக்கிழமைப் பாட்டு

"அந்தப் பாட்டு வியாழக்கிழமை வராது, சம்பந்தியம்மா. வெள்ளிக்கிழமைதான்."

எக்ஸ்ரே அம்மா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. தோளில் பேரன் கிடந்தான். அவனைத் தூங்கவைக்கத்தான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். எந்தத் தாலாட்டுக்கும் மசியாத பிள்ளை, நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு டான்ஸ் கிளப்பின் வரலாற்றுக்கு மட்டும் கண் சொக்கினான்.

பேசியது, ஜன்னலோரம் குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்த சம்பந்தி. மருமகளின் அப்பா, பஸ் டிரைவராக இருந்தவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இவர்கள் இரண்டு பேரும் வந்து நான்கு மாதமாகிறது. இவர் ஜன்னலைத் திறந்தால் அவர் மூடுவார். "பால் ஆறுது", "தொட்டில் நனைஞ்சிருக்கு." அதற்கு மேல் பேச்சு கிடையாது. அந்த முகத்தில் சிரிப்பு ஏறுவதற்கு ஸ்டாப்பிங்கே இல்லை.

"புத்தகத்துல வியாழன்னுதானே போட்டிருக்கு?"

"அச்சுல வந்துட்டா சரியாயிடுமா? வியாழக்கிழமை பொம்பளக் குரல். வெள்ளிக்கிழமைதான் அந்தக் கரகரக் குரல்காரன். கடைசிப் பாட்டை ரெண்டு தடவை பாடுவான். ரெண்டாவது தடவை இழு இழுன்னு இழுப்பான்."

எக்ஸ்ரே அம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனையும் உண்மை. அவருக்குத் தெரியும். நைட் டியூட்டி என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, தரைக்குக் கீழே இருந்த அந்த கிளப்பின் படிகளை இறங்கியவர் அவர். கணவர் கண்மூடும்வரை அவரிடம்கூட மூச்சு விட்டதில்லை. இப்போது பார்த்தால், வாய்த்த சம்பந்தியும் அதே கிளப்புக்குப் போன ஆளாக இருக்கிறார்.

அன்றிலிருந்து வீட்டின் போக்கே மாறிவிட்டது. பேரன் பால் குடித்து முடித்ததும் சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நேத்து எங்க விட்டீங்க?" என்பார். எக்ஸ்ரே அம்மா படிப்பார். அவர் திருத்துவார். டிரம்ஸ் அடித்தவன் ஒருமுறை நடுவில் நிறுத்திவிட்டுச் சண்டை போட்டது, பாடகி இருமிக்கொண்டே பாடி முடித்தது, புத்தகத்தில் இல்லாததெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது.

ஒருநாள் கரகரக் குரல்காரனின் போட்டோ வந்தது. சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இவன்தானா அது? நான் நல்லா குண்டா இருப்பான்னு நினைச்சிருந்தேன்."

"உள்ள ஒரே இருட்டு, புகை. எனக்கும்தான் யார் மூஞ்சியும் சரியாத் தெரியாது" என்று எக்ஸ்ரே அம்மாவே காரணமும் எடுத்துக்கொடுத்தார்.

"அந்தப் பெரிய கிடார் இருக்கே, அது காதுல கேக்காது, சம்பந்தியம்மா. முதுகுலதான் கேக்கும்."

புத்தகம் முழுக்கச் சலித்தாலும் இப்படி ஒரு வரி கிடைக்காது என்று எக்ஸ்ரே அம்மாவுக்குத் தோன்றியது. இந்த மனிதரையா நான்கு மாதம் உம்மணாமூஞ்சி என்று நினைத்தோம்?

மருமகள்தான் பயந்துபோனாள். "அத்தை, அப்பா சமையலறையில முனகறார். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"பாடறாரும்மா."

மருமகள் அதற்குப் பிறகுதான் இன்னும் பயந்தாள்.

கடைசி அத்தியாயம் வந்த அன்று எக்ஸ்ரே அம்மா ஒரு முடிவோடு இருந்தார். "ஞாயித்துக்கிழமை புத்தகக் கடைக்கு இதை எழுதினவர் வர்றாராம். பழைய ஆளுங்க எல்லாரும் கூடறாங்க. நாம ரெண்டு பேரும் போறோம். நானே உங்களை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தறேன்."

சம்பந்தி, மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தார். "நான் எதுக்கு அங்க?"

"ஒரே தரையில ஆடினவங்க நாம. இந்த வயசுல என்ன கூச்சம்?"

எக்ஸ்ரே அம்மா படிக்க ஆரம்பித்தார். கிளப்பைப் பற்றி யாரோ ஓயாமல் போலீசில் புகார் கொடுத்ததையும், கடைசியில் கதவுக்குப் பூட்டுப் போட்டு சீல் வைத்ததையும், அந்த ஆள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை என்பதையும் படித்து முடித்து, புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

"எந்தப் பாவியோ! ஸ்டேஷன் படி ஏறி ஏறியே எங்க சந்தோஷத்தை இழுத்து மூடிட்டான். அன்னிக்கு நடுரோட்டுல நின்னு அழுதோம், சம்பந்தி. அவன் ஜென்மத்துக்கும் நிம்மதியாத் தூங்கக் கூடாதுன்னு முதல்ல சாபம் விட்டதே நான்தான்."

சம்பந்தி எழுந்துவந்தார். பேரனை எக்ஸ்ரே அம்மாவின் தோளிலிருந்து மெல்ல வாங்கித் தொட்டிலில் போட்டார். போர்வையைச் சரிசெய்தார். பிறகு, திரும்பாமலே பேசினார்.

"நான் அந்தப் படி இறங்கினதே இல்ல, சம்பந்தியம்மா. நீங்க ஆடின இடத்துக்கு நேர் மேலதான் என் கட்டில். விடியறதுக்கு முன்னாடி முதல் பஸ் எடுக்கணும், அதான் ஸ்டேஷன் படி ஏறினேன். ஆனா சத்தம் நின்ன அன்னிலேருந்து இன்னிவரைக்கும் ஒரு ராத்திரிகூட முழுசாத் தூங்கல... உங்க சாபம் அப்பவே பலிச்சிடுச்சு."